ஆறு வண்டிக் கல்

கேள்வி: அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே வாழும் விக்டோரியா என்ற சிற்றூரில், ஜெர்மானியக் குடியேறிகள் கட்டிய மாபெரும் தேவாலயம் ஒன்று இருப்பதாகப் படித்தேன். கோதுமை விளைவித்த எளிய குடும்பங்களால் அது எப்படி முடிந்தது?

பதில்: புனித ஃபிடெலிஸ் ஆலயத்தைக் கேட்கிறீர்கள். அதைக் கட்டியவர்கள் ஜெர்மன் பேசியவர்களே எனினும், ஜெர்மனியிலிருந்து நேராக வந்தவர்கள் அல்லர். ரஷ்யப் பேரரசி கேத்தரீன் 1763-இல் விடுத்த அழைப்பை ஏற்று, நிலமும் வழிபாட்டுச் சுதந்திரமும் படைச் சேவையிலிருந்து விலக்கும் கிடைக்கும் என்று நம்பி வோல்கா ஆற்றங்கரையில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அந்த விலக்கு பறிபோய், 1874-இல் கட்டாயப் படைச் சேவை அவர்கள்மீதும் விழுந்தபோது, மீண்டும் ஊரைவிட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று. 1876-இல் விக்டோரியாவில் வந்து இறங்கியவர்கள், ஆலயம் எழும்பும் முன்னரே ஒரு மரச்சிலுவையை நட்டு, அதைச் சுற்றி நின்று செபித்தார்கள். இரண்டு முறை வேர் பறிக்கப்பட்ட மக்களுக்கு அந்தச் சிலுவை நின்ற இடமே சொந்த ஊர் ஆயிற்று என்று நான் கருதுகிறேன்.

குடும்பங்கள் பெருகப் பெருக, கட்டிய கோவில்கள் ஒவ்வொன்றாகப் போதாமல் போயின. இன்று நிற்பது நான்காவது. 1908-இல் தொடங்கி 1911-இல் முடிந்தது. பன்னிரண்டு வயதைக் கடந்து நற்கருணை பெறும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 45 டாலரும் ஆறு வண்டிக் கல்லும் பங்காக விதிக்கப்பட்டன. வளர்ந்த பிள்ளைகள் ஐவர் இருந்த வீட்டுக்கு, பெற்றோரையும் சேர்த்தால், 42 வண்டிக் கல்! பிள்ளைகள் நிறைந்த வீடுகளால்தான் பெரிய கோவில் தேவைப்பட்டது. அதைக் கட்டும் பாரமும் அவ்வீடுகளின் மேல்தான் கூடுதலாக விழுந்தது என்பது என் மனத்தை மிகவும் தொடுகிறது.

கல் தொலைவிலிருந்து வரவில்லை. மரம் அரிதான அப்புல்வெளியில், வேலிக் கம்பங்களுக்கும் பயன்பட்ட சுண்ணாம்புக்கல் நிலத்தில் அதிக ஆழமில்லாமலே படுகைகளாகக் கிடக்கிறது. வரிசையாகத் துளையிட்டு இரும்பு ஆப்புகளை அடித்துப் பிளப்பார்கள். வெட்டும்போது மென்மையாக இருந்து, வெளிக்காற்று படப்பட இறுகும் இயல்புடைய கல் அது. தொழில்முறைக் கொத்தர்கள் மட்டுமன்றி, உழவர்களும் வெட்டிச் சுமந்த அந்தக் கற்களிலிருந்துதான் ஏறத்தாழ 140 அடி உயரமுள்ள இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன.

கேள்வி: 'சமவெளியின் கதீட்ரல்' என்று அதை அழைக்கிறார்களே, அங்கு ஆயர் (பிஷப்) இருக்கிறாரா?

பதில்: இல்லை. கதீட்ரல் என்பது ஆயரின் இருக்கை அமைந்த ஆலயத்தையே குறிக்கும். அப்பகுதியின் ஆயர் இருக்கை சலைனா நகரில் உள்ளது. 1912-இல் விக்டோரியாவுக்கு வந்த அரசியல் தலைவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஆலயத்தைக் கண்டு வியந்து சூட்டிய பெயராகவே 'சமவெளியின் கதீட்ரல்' வழங்குகிறது. முறைப்படி ஆலயத்துக்குரிய சிறப்பு வேறு: 2014-இல் திருத்தந்தை (போப்) அதைப் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதிக்கு உயர்த்தினார்.