அசல் வீடும் மீண்டும் எழுந்த வீடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வர்ஜீனியாவில் இருக்கும் மகள் வீட்டிற்குப் போயிருந்தபோது எங்களை, காலனியக் காலத்தில் அந்த மாநிலத்தின் தலைநகராக இருந்த வில்லியம்ஸ்பர்க்கிற்கு அழைத்துச் சென்றார்கள். குதிரை வண்டிகள், பொய்முடி அணிந்த கனவான்கள், பதினெட்டாம் நூற்றாண்டு உடையில் வேலை செய்யும் கைவினைஞர்கள் என்று எல்லாம் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தன. ஆனால் ஆளுநர் மாளிகை 1781-லேயே எரிந்துபோனது என்றும், நாங்கள் நின்றுகொண்டிருப்பது 1930-களில் எழுப்பிய கட்டிடம் என்றும் வழிகாட்டி சொன்னதும் மனம் விட்டுப்போயிற்று. அதன்பின் பார்த்தவை யாவும் சினிமா செட்டாகவே தோன்றின. வரும் வசந்தத்தில் மீண்டும் செல்கிறோம். காலனியக் காலத்து அசல் வீட்டை எங்கே பார்க்கலாம்? வேடமிட்டு நடிக்கும் ஊர்களிலிருந்து வரலாற்றைக் கற்றுக்கொள்ள முடியுமா?

— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மாளிகை வாசலில் முதல்முறை நின்றபோது எனக்கும் இதே ஏமாற்றம் ஏற்பட்டது. ஆனால் அதை எப்படி எழுப்பினார்கள் என்று படித்த பிறகு, சினிமா செட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1926-இல் குட்வின் என்ற பாதிரியாரின் வற்புறுத்தலால் பெருஞ்செல்வந்தர் ராக்ஃபெல்லர் அந்த ஊரை மீட்கப் பணம் கொடுக்க முன்வந்தார். மாளிகை நின்ற இடத்தில் அப்போது எரிந்த கட்டிடத்தின் சுவர்கூட மிஞ்சவில்லை. எனினும் அங்கே ஆளுநராக வாழ்ந்த தாமஸ் ஜெஃபர்சன் அளவுகளுடன் வரைந்துவைத்த தரைப்படம் இருந்தது. முகப்பு எப்படி இருந்தது என்பதைக் காட்டும் 1740-ஐ ஒட்டிய செப்புத்தகடு ஒன்று, ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் 1929-இல் கிடைத்தது. மண்ணைத் தோண்டியபோது பழைய அடித்தளம் வெளிப்பட்டது. படமும் தகடும் அடித்தளமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்ன பிறகே, அதே அடித்தளத்தின் மேல் கட்டி 1934-இல் திறந்தார்கள். தோட்டத்தில் தோண்டியபோது 150-க்கும் மேற்பட்ட கல்லறைகளும் கிடைத்தன. அமெரிக்க விடுதலைப் போரின் யார்க்டவுன் சண்டையில் காயமுற்றவர்களுக்கு மாளிகை மருத்துவமனையாக இருந்தபோதுதான் அது தீக்கிரையானது.

அந்த ஊரில் அசல் கட்டிடங்கள் இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். 88 கட்டிடங்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து நிற்பவை. எது அசல், எது மீண்டும் கட்டியது என்பதைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார்கள். அடுத்தமுறை மாளிகையை விட்டுவிட்டுக் கொல்லுப்பட்டறையில் அரைமணி நேரம் நில்லுங்கள். நான் நின்றபோது கொல்லர் ஓர் இரும்புக் கம்பியை உலையில் சிவக்கக் காய்ச்சி, அடைகல்லில் வைத்து நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி அடித்துக் கூராக்கி, வேண்டிய நீளத்தில் வெட்டி, துளையுள்ள அச்சில் இறக்கித் தலையைத் தட்டிப் பரப்பினார். ஓர் ஆணி முடிந்தது. பிறகு அவர் நிமிரவில்லை, அடுத்த கம்பியை எடுத்தார். ஒரு மரவீட்டின் ஆணி ஒவ்வொன்றும் இப்படித்தான் பிறந்தது என்பது புத்தகத்தில் படித்தபோது எனக்கு உறைத்ததே இல்லை. அந்த ஊரின் பட்டறையில் அடித்த ஆணிகளும், கோடையில் வரும் குழந்தைகள் வெறுங்காலால் மிதித்துக் குழைத்த மண்ணில் அறுத்துச் சூளையில் சுட்ட செங்கற்களும் அங்கே மீண்டும் எழும் கட்டிடங்களுக்கே போகின்றன. இதை நடிப்பு என்று சொல்ல மாட்டேன். மறந்துபோன வேலையை மறுபடி கற்றுக்கொள்வது இது.

வில்லியம்ஸ்பர்க் மேல் எனக்கு உள்ள வருத்தம் வேறு. அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய காலத்தில் அந்த ஊரின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். மாளிகையில் சமைத்தவர்களும் தண்ணீர் சுமந்தவர்களும் குதிரை கழுவியவர்களும் அவர்களே. ஊரை மீட்டு அரை நூற்றாண்டு கழியும்வரை, அதாவது 1979 வரை, அவர்களுடைய வாழ்க்கையை நடித்துக் காட்டவோ எடுத்துச் சொல்லவோ அங்கே ஆளில்லை. செங்கல் புதிதாக இருந்ததைவிட அதுதான் பெரிய பொய்.

அந்தப் பொய்யைத் திருத்தும் வேலை இன்றும் நடக்கிறது. 1760 முதல் 1774 வரை ஆன் வேஜர் என்ற ஒரே ஆசிரியையுடன் நடந்த ப்ரே பள்ளியில் கறுப்பினக் குழந்தைகள், பெரும்பாலும் அடிமைக் குழந்தைகள், எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அடிமை நிலையே கடவுள் விதித்தது என்று அவர்களை நம்பவைப்பதும் அந்தப் படிப்பின் நோக்கமாக இருந்தது. ஆனால் எழுத்தறிந்தவர் எதைப் படிப்பார் என்பதை யாரால் கட்டுப்படுத்த முடியும்? அந்தப் பள்ளி நடந்த வீடு பிற்காலத்தில் மாற்றியமைக்கப்பட்டு, இடம் பெயர்ந்து, அந்த ஊரின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் அலுவலகமாக அடையாளமின்றி நின்றது. 2020-இல் அதன் மரச்சட்டங்களின் வளர்ச்சி வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, அந்த மரங்கள் 1759 இறுதிக்கும் 1760 வசந்தத்திற்கும் இடைப்பட்ட மாதங்களில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. 2023-இல் வீட்டை அப்படியே நகர்த்தி வரலாற்றுப் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். எண்பத்தொன்பதாவது அசல் கட்டிடம் அது. மாளிகையைவிட நான் அங்கேதான் உங்களை முதலில் போகச் சொல்வேன்.

வேடமிடுவதிலும் வகைகள் உண்டு. மாசசூசெட்ஸின் பிளிமத் பட்டக்ஸெட் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளாக நடிப்பவர்கள் 1627-ஆம் ஆண்டிலேயே வாழ்பவர்கள்போலப் பேசுவார்கள். பின்னால் நடந்த எதையும் அறியாதவர்களாகவே உங்களுக்குப் பதில் சொல்வார்கள். அருகில் உள்ள வாம்பனோக் குடியிருப்பில் இருக்கும் பூர்வகுடியினரோ பழைய உடை அணிந்திருந்தாலும் நடிப்பதில்லை. இன்றைய மனிதர்களாகவே தங்கள் முன்னோரைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அசல் வீடு வேண்டும் என்று கேட்டீர்கள். தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் அருகே, ஆஷ்லி ஆற்றங்கரையில் உள்ள டிரேட்டன் ஹாலுக்குச் செல்லுங்கள். ஜான் டிரேட்டன் 1738-இல் நிலம் வாங்கிக் கட்டத் தொடங்கிய அந்த வீடு 1974 வரை அதே குடும்பத்திடம் இருந்தது. அதன்பின் பொறுப்பேற்றவர்கள் அதைப் புதுப்பிக்க வேண்டாம், இருந்தபடி காப்போம் என்று முடிவெடுத்தார்கள். உள்ளே மின்விளக்கு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, ஒரு நாற்காலிகூட இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வெறும் கூடங்களும் சுவர்களில் மங்கிய பழைய வண்ணமும் மட்டுமே. ஒரு கதவு நிலையில் அந்தக் குடும்பத்துக் குழந்தைகளின் உயரத்தைக் கோடிட்டுக் குறித்திருக்கிறார்கள். நான் அதன்முன் நெடுநேரம் நின்றேன். ஆனால் அந்த வீட்டைக் கட்டிய கைகளைப் பற்றிச் சுவர் எதுவும் சொல்லாது; அதற்கு எடுத்துச் சொல்பவர் வேண்டும்.

அப்படி எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் ரிச்மண்ட் போவன்ஸ். அங்கே அடிமைகளாக இருந்தோரின் வழித்தோன்றலாக 1908-இல் அந்த மண்ணிலேயே பிறந்த அவர், முதுமையில் திரும்பி வந்து வருவோருக்குத் தம் மக்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய முன்னோரின் இடுகாடும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. அவர் விருப்பப்படி அதைத் தோட்டமாக்காமல், மரமும் புதருமாக விட்டுவைத்திருக்கிறார்கள். வீட்டைப் பார்த்து முடித்ததும் காருக்குத் திரும்பிவிடாமல் அங்கேயும் சென்று வாருங்கள்.