கவுனில் ஐந்து பொத்தானுக்கு மேல் கூடாது

இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டன்தான் என் பித்து. டாங்கியும் துப்பாக்கியும் இல்லை. வீட்டில் இருந்தவர்கள் என்ன உடுத்தினார்கள், என்ன தின்றார்கள், கைப்பையில் என்னென்ன காகிதம் வைத்திருந்தார்கள் என்பது. லண்டனுக்கு வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பாவை இரண்டு பவுண்டுக்கு வாங்கினேன். அரிசி போட்டு வைக்கலாம் என்ற எண்ணம்தான். திறந்தால் நாற்பது சொச்சம் புகைப்படங்கள், ரேஷன் புத்தகங்கள், பஸ் டிக்கெட்டுகள், பின்னல் குறிப்புகள். இருபது வருடமாகிறது, இன்னும் அந்த டப்பாவிலிருந்து வெளியே வரவில்லை. அம்மா தையல் வேலை பார்த்தவள் என்பதால் எந்தப் படத்தை எடுத்தாலும் முகத்துக்கு முன்னால் தையல்தான் எனக்குக் கண்ணில் படும். அதையும் மனதில் வைத்துக்கொண்டு, வாசகர் கேள்விகளுக்கு நான் எழுதிய இந்தப் பதில்களைப் படியுங்கள்.

ஒரு பழைய படம் போர்க்காலத்தில் எடுத்ததுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? உடையைப் பார்த்தா? (மதுரை வாசகர்)

உடையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். 1936-ல் வாங்கிய கோட்டை 1944-லும் போட்டுக்கொண்டிருந்தார்கள், வேறு வழி? அதனால் படத்தில் இருப்பதிலேயே புதிய பொருள் எது என்று தேடுங்கள். பழையது எதையும் நிரூபிக்காது.

நான் முதலில் பின்னணியைத்தான் பார்ப்பேன். எதிரி விமானங்களுக்கு ஊர் தெரியாமலிருக்க 1939 செப்டம்பர் 1 அன்று இருட்டடிப்பு தொடங்கியது. தெருவிளக்கு இல்லை, ஜன்னலில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் அபராதம். இருட்டில் தடுக்கி விழாமலிருக்க நடைபாதையின் ஓரக்கல்லுக்கும் மரங்களின் அடிப்பகுதிக்கும் வெள்ளை அடித்தார்கள். படத்தில் அந்த வெள்ளைப் பட்டை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் ஜன்னல் கண்ணாடியில் குறுக்காக ஒட்டிய காகித நாடா, கார் முகப்பு விளக்குக்கு மாட்டிய மூடி, வீட்டு மதில்மேல் கம்பி வேலியை அறுத்தெடுத்த பிறகு மிஞ்சிய குட்டை முளைகள். பழைய இரும்பு சேர்க்கிறோம் என்று அந்த வேலிகளைக் கொண்டுபோனார்கள்.

தோளில் கயிறு கட்டித் தொங்கும் சின்ன அட்டைப்பெட்டியைப் பலரும் கேமரா என்று நினைக்கிறார்கள். அது விஷவாயு முகமூடி. எல்லாரும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தது பெரும்பாலும் போரின் ஆரம்ப மாதங்களில்தான். வாயுத் தாக்குதல் வரவில்லை என்றதும் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஆகவே தெருவில் போகும் சாதாரண ஜனங்கள் தோளில் அந்தப் பெட்டி இருந்தால் 1939, 1940 என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

இத்தனைக்கும் பிறகுதான் உடை. துணியை மிச்சப்படுத்த 1942-ல் சிக்கன விதிகள் வந்தன. பெண்கள் கவுனில் இரண்டு பைக்கு மேல் கூடாது, ஐந்து பொத்தானுக்கு மேல் கூடாது, பாவாடைப் பகுதியில் ஆறு தையலுக்கு மேல் கூடாது. மடிப்பு எத்தனை என்பதற்கும் கணக்கு. ஆண்களுக்கு முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படியும் இரட்டை மார்புக் கோட்டு கிடையாது, பேண்ட்டின் காலடியில் வெளிமடிப்பு கிடையாது. அதற்காக வெளிமடிப்பைப் பார்த்ததும் போருக்கு முந்தியது என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். வேண்டுமென்றே நீளமான பேண்ட்டாக வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டவர்கள் நிறைய. கவுன் குட்டையானபோது இவ்வளவு புலம்பல் இல்லை; கால்மடிப்பு போனதற்குத்தான் ஆண்கள் அழுதார்கள். 1944 தொடக்கத்தில் அரசே அந்த விதியைக் கைவிட்டது.

துணி ரேஷன் என்றால் அரசாங்கம் இலவசமாகத் துணி கொடுத்ததா? (சேலம் வாசகி)

இல்லையம்மா. காசும் கொடுக்க வேண்டும், கூப்பனும் கொடுக்க வேண்டும். கூப்பன் என்பது வாங்க அனுமதி, அவ்வளவுதான். கையில் காசில்லாதவருக்குக் கூப்பன் இருந்தும் பிரயோஜனமில்லை. அதனாலேயே ஏழைக் குடும்பங்கள் கூப்பனைக் கள்ளத்தனமாக விற்றதும் நடந்தது.

அறிவித்த விதமே வேடிக்கை. 1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. முன்கூட்டியே தெரிந்தால் கடையைச் சுத்தமாகத் துடைத்துவிடுவார்கள் என்று கடைசிவரை ரகசியம். தனியாகக் கூப்பன் புத்தகம் அச்சடித்தால் அந்த ரகசியம் வெளியே போய்விடுமே? எனவே ஏற்கெனவே எல்லாரிடமும் இருந்த உணவு ரேஷன் புத்தகத்தில், மார்கரின் (வெண்ணெய்க்குப் பதிலான கொழுப்பு) என்று போட்டுப் பயன்படாமல் இருந்த கூப்பன்களையே துணிக்குப் பயன்படுத்தச் சொல்லிவிட்டார்கள். கோட்டு வாங்க மார்கரின் சீட்டு!

முதல் வருடம் ஒருவருக்கு 66 கூப்பன். ஆண்களின் முழு சூட்டுக்கு 26 போய்விடும். கம்பளி கவுனுக்கு 11, பருத்தி என்றால் 7. பெண்கள் காலணிக்கு 5, ஒரு ஜோடி ஸ்டாக்கிங்ஸுக்கு, அதாவது தொடைவரை இழுத்துப் போடும் மெல்லிய காலுறைக்கு, 2. பின்னல் கம்பளி நூல் இரண்டு அவுன்ஸுக்கு 1. தொப்பிக்கு மட்டும் கூப்பனே வேண்டாம். அந்தக் காலப் படங்களில் சாதாரண கோட்டுக்கு மேல் தலையில் மட்டும் ஏதோ ஒரு விசித்திரம் உட்கார்ந்திருப்பது இதனால்தான் என்பது என் ஊகம். அடுத்தடுத்த வருடங்களில் ஒதுக்கீடு குறைந்துகொண்டே போனது. போர் முடிந்தும் துணி ரேஷன் முடியவில்லை, 1949 மார்ச் வரை இழுத்தது. 1947-ல் இளவரசி எலிசபெத் கல்யாணத்துக்கே கூப்பன் கணக்குதான். ஊர் ஜனங்கள் பாசத்தில் தங்கள் கூப்பனை அனுப்பிவைக்க, ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார்கள்.

காலில் குழம்புப்பொடி பூசி ஸ்டாக்கிங்ஸ் போட்டது போலக் காட்டினார்கள் என்கிறார்களே, நிஜமா? (கோவை)

நிஜம்தான். பட்டு முழுக்கப் போர்த் தேவைக்குப் போய்விட்டது. இறைச்சிக் குழம்புக்கு நிறம் சேர்க்கும் பழுப்புப் பொருளைக் காலில் தடவி, பின்பக்கத் தையல் கோட்டைப் புருவப் பென்சிலால் வரைந்துகொண்டார்கள். ஆனால் என்னிடம் இருக்கும் படங்களில் ஒன்றில்கூட இதை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. பின்பக்கம் திரும்பி நின்று யார் படம் எடுத்துக்கொள்வார்கள்?

சிசி41 முத்திரை உள்ள ஒரு கோட்டை இணையத்தில் வாங்கினேன். விற்றவர் "1941 அசல்" என்றார். நம்பலாமா? (சிங்கப்பூர்)

சிசி41 என்பது மலிவு விலையில் நல்ல துணி கொடுக்க அரசு நடத்திய 'யூடிலிட்டி' திட்டத்தின் முத்திரை. அதிலுள்ள 41 திட்டம் தொடங்கிய வருடம், கோட்டு தைத்த வருடம் அல்ல. அந்த முத்திரை 1952 வரை ஓடியது. உங்கள் கோட்டு 1950-ல் தைத்ததாகவும் இருக்கலாம். ரெஜினால்ட் ஷிப் என்பவர் வரைந்த முத்திரை அது. அதிலுள்ள இரண்டு 'சி'க்களும் ஒரு துண்டு வெட்டி எடுத்த பாலாடைக்கட்டி போல இருப்பதால் "சீஸ்" என்றே ஜனங்கள் கூப்பிட்டார்கள்.

இரண்டு விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சிக்கன விதி என்பது பொத்தான், பை, மடிப்பு எத்தனை என்ற கட்டுப்பாடு. இந்த முத்திரையோ துணியின் தரத்துக்கும் விலைக்கும். மலிவு என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். நார்மன் ஹார்ட்னெல், ஹார்டி ஏமிஸ் போன்ற பெரிய டிசைனர்கள் 1942-ல் இந்தத் திட்டத்துக்கு மாதிரிகள் வரைந்தார்கள். என்னிடம் உள்ள ஒரு பாவாடைக்கு வயது எண்பதுக்குப் பக்கம். உள்தையல் ஒன்றுகூட விடவில்லை.

முத்திரை ஒட்டவைத்ததா என்று பார்க்க, அதைச் சுற்றியுள்ள நூலைப் பாருங்கள். கோட்டு முழுக்க நூல் மங்கி, முத்திரையைச் சுற்றி மட்டும் பளிச்சென்று இருந்தால் விற்றவரிடம் பேச வேண்டியதுதான்.

படத்தில் எல்லாரும் நேர்த்தியாகத்தானே இருக்கிறார்கள்? கஷ்டம் எங்கே தெரிகிறது? (பெயர் வேண்டாம் என்றவர்)

நல்ல கேள்வி. தீபாவளிக்கு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் வருடம் முழுக்கப் பட்டுப்புடவைதான் என்று சொல்வோமா? அதேதான். அப்போது பிலிம் சுருள் சாதாரண ஜனங்களுக்குக் கிடைப்பதே அபூர்வம். கணவன் விடுமுறையில் வந்தான், நாளை மறுநாள் கப்பல் ஏறப்போகிறான் என்றால் ஸ்டுடியோவுக்குப் போவார்கள். இருப்பதில் நல்லது, இல்லாவிட்டால் தங்கையின் பிளவுஸ். படம் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் காட்டும்.

கஷ்டம் ஓரங்களில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துக் குழந்தைகளின் கவுன் அடிப்பகுதியைப் பாருங்கள். கிடையாக ஒரு மங்கிய கோடு ஓடும். போன வருட மடிப்பைப் பிரித்து நீளமாக்கிய தடம் அது. சில படங்களில் இரண்டு கோடு இருக்கும். ஆண்களின் சட்டையில் காலர் மட்டும் வேறு வெளுப்பாகத் தெரியும். நைந்த காலரைப் பிரித்துவிட்டு, பேண்ட்டுக்குள் மறையும் வால்பகுதியை வெட்டிப் புதுக் காலர் தைப்பார்கள். 1943-ல் அரசாங்கம் 'மேக் டூ அண்ட் மெண்ட்' (இருப்பதை ஒட்டுப்போட்டுச் சமாளி) என்று கையேடே போட்டது. ஏழைப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். பிறந்ததிலிருந்து ஒட்டுப்போட்டே உடுத்தியவர்களுக்கு அதைச் சொல்லித்தர ஒரு புத்தகமா?

கல்யாணப் படம் ஒன்றில் மூன்றடுக்கு கேக் இருக்கிறது. சர்க்கரை ரேஷன் காலத்தில் எப்படி? (ஈரோடு)

அட்டை! 1940 ஆகஸ்டிலிருந்து கேக்கின் வெளிப்புறத்தில் சர்க்கரைப் பூச்சுக்குத் தடை. கடைக்காரர் அட்டையாலோ பிளாஸ்டராலோ செய்த அலங்கார மூடியை வாடகைக்குத் தருவார். படம் எடுத்து முடித்ததும் மூடியைத் தூக்கினால் உள்ளே சின்னதாக ஒரு பழக் கேக். ஒரே மூடி ஊரிலுள்ள எத்தனை கல்யாணப் படங்களில் நின்றதோ.

பாராசூட் பட்டில் கல்யாணக் கவுன் தைத்தது உண்டா என்றும் அதே கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். உண்டு. ஆனால் கதைகளில் வருகிற அளவுக்கு இல்லை. போர் நடக்கும்போது பாராசூட் துணி ராணுவச் சொத்து. உபரியாகக் கடைக்கு வந்தது போர் முடியும் தறுவாயில்தான். பாராசூட்டின் துண்டுகள் நீள முக்கோணமாக இருக்கும், எனவே பாவாடையில் இடுப்பிலிருந்து விசிறி போலத் தையல்கள் இறங்கினால் கொஞ்சம் சந்தேகப்படலாம். கடன் வாங்கிய கவுன்தான் நிறைய.

தொழிற்சாலைப் பெண்கள் ஏன் தலையில் முண்டாசு கட்டியிருக்கிறார்கள்? (தஞ்சாவூர்)

முடி இயந்திரத்தில் சிக்கினால் தலைத்தோலோடு போய்விடும். 1941 டிசம்பர் சட்டத்துக்குப் பிறகு 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்களைக் கட்டாயப் பணிக்கு எடுத்தார்கள். ராணுவத் துணைப்படை, விவசாயம் என்று போனவர்களோடு தொழிற்சாலைக்குப் போனவர்களும் ஏராளம். அமெரிக்காவில் வெரோனிகா லேக் என்ற நடிகை ஒரு கண்ணை மறைத்துத் தொங்கும், பெண்கள் பலர் பின்பற்றிய தன் கூந்தல் பாணியையே அரசு கேட்டுக்கொண்டதற்காக மாற்றிக்கொண்டார். இன்னொரு காரணமும் உண்டு. 1942 பிப்ரவரியில் சோப்பும் ரேஷனுக்குள் வந்தது. தலைக்குக் குளிக்காத நாளில் முண்டாசு பெரிய உபகாரம்.

திருவல்லிக்கேணியில் வாங்கிய பழைய புத்தகத்துக்குள் உள்ளங்கை அளவுக்கு ஒரு கடிதம். புகைப்படக் காகிதத்தில் கையெழுத்து இருக்கிறது. எகிப்திலிருந்து ஒரு சிப்பாய் இங்கிலாந்திலுள்ள அம்மாவுக்கு எழுதியது. இது என்ன? (சென்னை)

ஏர்கிராஃப். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! 1941-ல் மத்தியக் கிழக்கிலிருந்த படைகளுக்காகத் தொடங்கிய அஞ்சல் முறை. சிப்பாய் ஒரு பெரிய படிவத்தில் எழுதுவார். தணிக்கை முடிந்ததும் அதைக் கோடாக் முறையில் நுண்படச் சுருளாக எடுத்து விமானத்தில் அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் சின்னதாக அச்சுப்போட்டு வீட்டுக்குக் கொடுப்பார்கள். 50 பவுண்டு எடையுள்ள கடிதக் குவியல் சுருளில் ஏறினால் 5 அவுன்ஸ்தான். உங்களிடம் உள்ள எழுத்து பொடியாக இருந்தால், அந்தப் பையன் படிவத்தில் இடம் போதாமல் நெருக்கி எழுதினான் என்று அர்த்தம். அம்மா பூதக்கண்ணாடி தேடியிருப்பாள்.

நம் ஊரில் இதுபோல எதுவும் இல்லையா? (திருநெல்வேலி)

ஏன் இல்லை? ஓட்டைக் காலணாவைப் பார்த்திருப்பீர்கள். 1943-ல் வந்தது, உலோகத்தை மிச்சப்படுத்தத்தான் நடுவில் ஓட்டை. அதே வருடம் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் அரசுக் கட்டுப்பாடு வந்தது. "கண்ட்ரோல் துணி" என்று பாட்டிமார் முகம் சுளிப்பார்களே, அது இந்த வகைதான். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே காலியானது. எந்த வீட்டில் பெட்டியைத் திறந்தாலும் இதில் ஏதாவது ஒன்று கிடைக்கும். பிரிட்டன்காரர்களுக்கு 1940 ஜூலையிலிருந்து வாரம் 2 அவுன்ஸ் தேயிலை என்று அளந்து கொடுத்தார்களே, அதில் நம் பக்கத்துத் தோட்டங்களின் இலையும் சேர்த்தி.

எப்படிப் பாதுகாப்பது? (பலர்)

லேமினேட் செய்யாதீர்கள். செல்லோடேப் கூடவே கூடாது. பின்பக்கம் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சில். பசைத்தாளும் மேலே பிளாஸ்டிக்கும் உள்ள ஆல்பம்தான் முதல் எதிரி. நான் ஆரம்பத்தில் முப்பது படத்தை அதில் ஒட்டி, பிரிக்கும்போது பதினொன்றின் முதுகை உரித்துவிட்டேன். அந்தப் பதினொன்றில் நாலைந்தின் பின்னால் தேதி எழுதியிருந்தது.

உங்களிடம் உள்ளவற்றில் விற்கவே மாட்டேன் என்பது எது? (கொழும்பு)

முதலில் சொன்ன டப்பாவில் இருந்த ஒரு பின்னல் குறிப்பு. பத்திரிகையிலிருந்து கத்தரித்த பக்கம், சிறுவனுக்கான ஸ்வெட்டர். ஓரத்தில் பென்சிலால் கூப்பன் கணக்கு, அடித்துத் திருத்தியிருக்கிறது. கீழே ஒரு வரி: நீலம் தீர்ந்துவிட்டது, இடது கைக்குப் பழுப்பு. அந்தக் காகிதத்தை நான் பல வருடம் சும்மா வைத்திருந்தேன். ஒருநாள் அதே டப்பாவின் படங்களை வரிசைப்படுத்தும்போது ஒன்றில் ஏழெட்டு வயதுப் பையன் வாசற்படியில் நிற்கிறான். கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் ஸ்வெட்டரின் ஒரு கை, முழங்கைக்குக் கீழே, மற்றதைவிட ஒரு படி கருப்பு. பையன் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் பாதி மறைத்துக்கொண்டிருக்கிறான்.