'அவரேஜ்' என்று போட்டது பொய்யா, மிஸ்?

வணக்கம் மிஸ்,

எனக்கு வயது 31. வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன், கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. அப்பா இல்லை, அண்ணா ரொறொன்ரோவில். புறோக்கர் கொண்டு வந்த குறிப்புகள் எதுவும் சரிவராமல் போன பிறகு, நானே ஒரு செயலியில் புரொபைல் ஒன்று போட்டேன். அம்மாவுக்குத் தெரியும். விருப்பமில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை.

அந்தச் செயலியில் வயது, சமயம், படிப்பு எல்லாம் கேட்டுவிட்டு உடல்வாகு என்று ஒரு கேள்வி வரும். ஸ்லிம், அவரேஜ், அத்லெட்டிக், ஹெவி, சொல்ல விரும்பவில்லை. இவ்வளவுதான். நான் ஐந்தடி இரண்டு அங்குலம், 66 கிலோ. அவரேஜ் என்று போட்டேன். என் ஒஃபிஸ் பிள்ளைகளோடு, பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்களோடு நிற்கும்போது எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை, அதனால்தான் அப்படிப் போட்டேன். படங்கள் எல்லாம் இந்த வருசம் எடுத்தவை. ஆனால் எல்லாமே தோளுக்கு மேலே, ஒன்று மட்டும் சாறியோடு அரைவாசி.

வங்கியில் வேலை செய்யும் ஒருவரை மரைன் டிரைவில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தேன். அவர் தன்னுடையதில் அத்லெட்டிக் என்று போட்டிருந்தார். நேரில் நல்ல தொப்பை இருந்தது, எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. தேநீர் வந்த கையோடு, "நீங்கள் அவரேஜ் எண்டுதானே போட்டிருந்தீங்கள்? படத்தில வேற மாதிரி இருந்தீங்கள்" என்றார். எத்தனை கிலோ என்று கேட்டார். நானும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. "இதை முதலே போட்டிருந்தா ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்" என்றார். என் தேநீருக்கு நான் காசு கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை ஹெவி என்று மாற்றினேன், திரும்ப அவரேஜ் ஆக்கினேன், இப்போது சொல்ல விரும்பவில்லை என்று கிடக்கிறது. ஒஃபிஸ் தோழி, "எல்லாரும் பொய்தான் போடுகினம், நீ ஸ்லிம் எண்டு போடு, ஆள் பழகினாப் பிறகு அதையெல்லாம் பார்க்க மாட்டாங்கள்" என்கிறாள். அம்மா, "முதல்ல உடம்பைக் குறை, பிறகு ஆளைப் பார்" என்கிறா. இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன் மிஸ். ஒஃபிஸில் சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லுவேன், பிறகு நடுச்சாமத்தில் குசினிக்குள் போய் பிஸ்கட் பக்கெட்டை முடித்துவிட்டு அழுவேன்.

இப்போது வவுனியாவைச் சேர்ந்த ஒருவர். கல்கிசையில் அறை எடுத்து இருக்கிறார். மாதக்கணக்காகக் கதைக்கிறோம், வாய்ஸ் மெசேஜ்தான் கூட. என் வேலை பற்றி, அண்ணா பற்றியெல்லாம் ஞாபகம் வைத்துக் கேட்பார். சந்திப்போமா என்று கேட்கிறார், நான் கணக்கு முடிக்கும் காலம் என்று தள்ளிப் போடுகிறேன். அவரும் சொல்ல விரும்பவில்லை என்றுதான் போட்டிருக்கிறார், படங்களோ நிலாவெளிக் கடற்கரையில் தூரத்தில் நின்று எடுத்தவை. என் மனதில் அவர் உயரமாக, மெல்லிசாக இருக்கிறார். ஆனால் எனக்கு உண்மையில் தெரியாது.

நான் போட்டது பொய்யா? என்ன போட வேண்டும்? சந்திக்க முதல் என் உடம்பைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் என்னை நானே குறைத்ததாகாதா?

— வெள்ளவத்தை வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

பொய் இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட இந்தக் கேள்விதான் உங்களைத் தின்கிறது என்று கடிதத்தை வாசிக்கும்போதே விளங்குகிறது.

அவரேஜ் என்ற தெரிவுக்கு அந்தச் செயலி எந்த அளவும் கொடுக்கவில்லை. கிலோ இல்லை, இடுப்பளவு இல்லை. அளவில்லாத ஒரு பெட்டியைக் கொடுத்து அதற்குள் உங்களை நீங்களே போடுங்கள் என்றால், ஒவ்வொருவரும் தன்னைச் சுற்றி இருப்பவர்களைப் பார்த்துத்தான் போடுவார்கள். தன்னை அளக்க வேறு அளவுகோல் இல்லாத இடத்தில் மனிதர் பிறரோடு ஒப்பிட்டே தம்மை மதிப்பிடுகிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954 இலேயே எழுதினார். காலி வீதியில் ஓடும் 100 ஆம் இலக்க பஸ்ஸில் காலையில் ஏறினால் உங்களைப் போன்ற உடல்வாகோடு எத்தனை பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்று தெரியும். அவர்களை வைத்து நீங்கள் உங்களை அளந்தீர்கள். அந்த மனிதர் யாரை வைத்து அளந்தாரோ, அது ஜிம்மில் கூடப் பயிற்சி செய்பவர்களாக இருக்கலாம், போனில் பார்க்கிற நடிகைகளாக இருக்கலாம். ஒரே சொல், இரண்டு அளவுகோல். மேற்கத்தைய தளங்களில் 'வளைவான', 'கொஞ்சம் கூடுதல் எடை' என்று இன்னும் பல தெரிவுகள் வைத்தும் பார்த்தார்கள், அதனால் குழப்பம் தீரவில்லை, குழம்புவதற்கான சொற்கள்தான் கூடின.

வைத்திய அட்டவணையும் உங்களுக்கு இதில் தீர்ப்புச் சொல்லாது. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 26.6 அளவில் வரும். பொதுவான உலக அட்டவணையில் 25 ஐத் தாண்டினால் கூடுதல் எடை. ஆசிய மக்களுக்கு நீரிழிவு, இருதய நோய் ஆபத்து குறைந்த எடையிலேயே தொடங்குகிறது என்பதால் 23, 27.5 என்ற எல்லைகளையும் கவனிக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் பரிந்துரைத்தது. அதன்படி பார்த்தால் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள், சீனியும் பிரஷரும் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் அந்த எண்ணுக்கு வேலை இல்லை. தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்றுகூட அது பிரித்துச் சொல்லாது, நீங்கள் ஒருவரின் கண்ணுக்கு எப்படித் தெரிவீர்கள் என்பதை எப்படிச் சொல்லும்?

தோழி சொன்ன ஸ்லிம், அதுதான் பொய். நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான்: உங்களை நேரில் தெரிந்த நாலு பேரிடம் காட்டினால், அவரேஜ் என்பதற்கு இரண்டு பேர் சரி என்பார்கள், இரண்டு பேர் கொஞ்சம் கூட என்பார்கள். ஸ்லிம் என்பதற்கு ஒருவரும் தலையாட்ட மாட்டார்கள். எல்லாரும் பொய் போடுகிறார்கள் என்று அவள் சொல்வதில் பாதிதான் உண்மை. 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கடலினா டோமா, ஜெஃப்ரி ஹான்கொக், நிக்கோல் எலிசன் மூவரும் நியூயோர்க்கில் டேட்டிங் தளம் பாவிக்கும் 80 பேரைக் கூப்பிட்டு, உயரத்தை அளந்து, எடையை நிறுத்து, வயதை அடையாள அட்டையில் பார்த்து புரொபைலோடு ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் எதிலாவது ஒன்றில் மாற்றிப் போட்டிருந்தார்கள், எடையில்தான் அதிகம். ஆனால் பெரும்பாலும் சின்னச் சின்ன வித்தியாசங்கள், நேரில் கண்டால் பிடிபடாத அளவு. நேரில் சந்திக்க வேண்டும் என்று நினைக்கிறவர் அதற்கு மேல் போக மாட்டார், ஏனென்றால் அடுத்த கிழமை எதிரே இருக்கப் போவது அதே ஆள்தானே.

அந்த வங்கிக்காரரைப் பற்றி. ஒருவருக்கு உங்கள் தோற்றம் பிடிக்காமல் போகலாம், அது அவருடைய உரிமை, உங்களுக்கும் அந்த உரிமை இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் தேநீரைக் குடித்துவிட்டு மரியாதையாக விடைபெற்றிருக்கலாம். எதிரே இருக்கிற பெண்ணிடம் கிலோ கேட்பதும், நேரம் மிச்சம் என்று சொல்வதும் பிடித்தம் பிடிக்காமை சம்பந்தப்பட்ட விசயமே இல்லை, அது பண்பில்லாத நடத்தை. எனக்கு அதை வாசிக்கவே கோபம் வந்தது. அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் உங்கள் புரொபைலைத் திருத்திக்கொண்டே இருக்கிறீர்கள். அவருக்கு அவ்வளவு இடம் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். குழப்பம் வந்தது அந்தச் சொல்லால் மட்டும் இல்லை, படங்களாலும்தான். தோளுக்கு மேலே மட்டும் படம் இருந்தால், மிச்சத்தைப் பார்க்கிறவர் தன் விருப்பப்படி வரைந்துகொள்வார். தெளிவில்லாத சொல்லும் அரைப் படமும் சேர்ந்தால் அந்த வரைதலுக்கு எல்லையே இல்லை. மைக்கல் நோர்ட்டன், ஜீனா ஃப்ரொஸ்ட், டான் ஏரியலி என்ற மூவர் 2007 இல் இதைப் பற்றி ஆராய்ந்தார்கள். ஒருவரைப் பற்றிக் கொஞ்சமாகத் தெரிந்திருக்கும்போது, இல்லாத இடங்களை நமக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொள்கிறோம், அதனால் அவர் நம்மைப் போலவே இருப்பார் என்று தோன்றுகிறது, தளங்களில் பழகியவர்களைச் சந்தித்த பிறகு அந்த மதிப்பு இறங்கிவிடுகிறது என்று கண்டார்கள். இது உங்களுக்கும் பொருந்தும். நிலாவெளியில் தூரத்தில் நிற்கிற ஒருவரை நீங்கள் உயரமாக, மெல்லிசாக வரைந்து வைத்திருக்கிறீர்கள். அவரும் தன் அறையில் இருந்து உங்களை வரைந்துகொண்டுதான் இருப்பார். சந்திப்பைத் தள்ளிப் போடப் போட இரண்டு சித்திரமும் தடிப்பாகும். அதே நேரம், 2011 இல் ஹரி ரைஸ் குழுவினர் செய்த பரிசோதனையில், முன்பின் தெரியாதவர்கள் உண்மையிலேயே ஒருவரோடு ஒருவர் கதைத்துப் பழகும்போது, கூடக் கதைக்கக் கதைக்க ஒருவரை மற்றவருக்குப் பிடித்துப் போவது கூடியது. ஆகவே உங்கள் வாய்ஸ் மெசேஜ்கள் வீண் இல்லை, அவை உண்மையான பழக்கம். தெளிவில்லாமல் இருப்பது உருவம் மட்டும்தான்.

அதனால் இன்றைக்கே தலையில் இருந்து கால் வரை தெரிகிற படம் ஒன்றைப் போடுங்கள். உங்களுக்கு வசதியான உடுப்பில், நீங்கள் சிரிக்கிற மாதிரி ஒன்று. ஒஃபிஸுக்குப் போகும் சாதாரண உடுப்பே போதும். பிறகு அந்த உடல்வாகுக் கேள்வியில் அவரேஜ் என்றே விடுங்கள். சொல்ல விரும்பவில்லை என்பது உங்கள் உரிமைதான், ஆனால் நீங்கள் அதைத் தெரிவு செய்தது பயத்தில், விருப்பத்தில் இல்லை, அதனால் வேண்டாம் என்கிறேன். தன்னைப் பற்றி எழுதும் இடத்தில் உங்கள் பாஷையில் ஒரு வரி எழுதலாம்: "ஐந்தடி இரண்டு, கொஞ்சம் பூசின உடம்பு, கடற்கரையில் நடக்கப் பிடிக்கும்." எங்கள் ஊரில் எல்லோருக்கும் விளங்கும், மன்னிப்புக் கேட்கிற தொனியும் அதில் இல்லை. முழுப் படத்தைக் கண்டு சிலர் விலகிப் போவார்கள். போகட்டும், அவர்களோடு தேநீர் குடிக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

கல்கிசைக்காரரிடம் உடம்பைப் பற்றி ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஒன்றும் சொல்ல வேண்டாம். "சந்திக்க முதல் ஒண்டு சொல்ல வேணும், நான் கொஞ்சம் மொத்தம்" என்று தொடங்கினால், உங்கள் உடம்பு ஒரு கெட்ட செய்தி என்று நீங்களே அவருக்குச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். நீங்கள் கேட்டீர்களே, என்னைக் குறைத்ததாகாதா என்று, அப்படிச் சொன்னால் ஆகும். படம் அனுப்பினால் ஆகாது. "போன கிழமை எடுத்தது, உங்கட முகம் தெரியிற படம் ஒண்டும் அனுப்புங்கோ, சனிக்கிழமை பின்னேரம் சந்திப்பம்" என்று எழுதுங்கள். கேட்பது இரண்டு பக்கமும் இருக்கட்டும், அவரும் ஒளித்துக்கொண்டுதானே இருக்கிறார், ஒருவேளை உங்களைப் போலவே பயத்தில். அதற்கு முதல் ஒரு வீடியோ கோல் எடுங்கள், முகம் பார்க்காமல் மாதக்கணக்காகக் கதைத்த ஒருவரை நேராகப் போய்ச் சந்திப்பது பாதுகாப்புக்கும் நல்லதில்லை. சந்திப்பது பகலில், சனம் நிற்கிற இடத்தில். எங்கே போகிறீர்கள் என்று தோழிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தந்தது இரவுச் சாப்பாடு. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு இரவில் பட்டினி கிடந்தால் நடுச்சாமத்தில் பிஸ்கட் பக்கெட் முடிவது உங்கள் மனக்கட்டுப்பாடு போதாததால் இல்லை, பசித்த உடம்பு அப்படித்தான் செய்யும். 1944, 45 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு மாதக்கணக்காகச் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தார்கள். அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள், கதைத்தார்கள், மனம் சோர்ந்து போனார்கள், பட்டினி முடிந்த பிறகு சிலரால் சாப்பிடுவதை நிறுத்த முடியவில்லை. அம்மா இடியப்பமும் சொதியும் வைத்தால் இருந்து சாப்பிடுங்கள். எடை குறைக்க உங்களுக்கே விருப்பம் என்றால் குடும்ப வைத்தியரிடம் போய் இரத்தமும் பார்த்து முறையாகச் செய்யலாம், ஆனால் சந்திப்பை அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். சாப்பிட்டதை வாந்தியாக வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அல்லது அந்த இரவு அழுகை நிற்காமல் தொடர்ந்தால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926 க்கு எடுங்கள், அல்லது எனக்குத் திரும்ப எழுதுங்கள், நான் ஆளைக் காட்டிவிடுகிறேன்.

அம்மாவிடம், ஒஃபிஸில் சாப்பிட்டேன் என்று சொல்வதை விட்டுவிட்டு, "அம்மா, உடம்பைப் பற்றி இனிக் கதைக்காதேங்கோ, எனக்கு நித்திரை வருதில்லை" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உங்கள் பட்டினி அவவுக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த வசனத்தைத் திரும்பச் சொல்ல மாட்டா என்றுதான் நினைக்கிறேன்.