சர்வர் மூடப்பட்ட பழைய இணைய மென்பொருளை மறுபடி ஓட வைக்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் இப்போது அந்தப் பழைய சர்வரின் பேக்கப் யாரிடமாவது இருக்குமா என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் மூன்று வாரம் அலைந்தேன். அதை விடுங்கள். உங்கள் மென்பொருள் சர்வரிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள், அதற்குப் பதில் சொல்ல ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

சிங்கப்பூரின் ஈசூனில் எனக்குத் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சர் வீடு மாறும்போது ஒரு சிடி கொடுத்தார். 2000 வாக்கில் அவரும் சில நண்பர்களும் ஃபிளாஷில் (அந்தக் காலத்தில் இணைய விளையாட்டுகள் செய்யப் பயன்பட்ட மென்பொருள்) செய்த சொல் விளையாட்டு. படம், சத்தம் எல்லாம் சிடியில், கேள்விகள் மட்டும் இணையத்திலிருந்து வரும். அந்த முகவரியில் இப்போது சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது.

ஃபிளாஷே செத்துவிட்டதே என்பீர்கள். 2021 ஜனவரி 12 முதல் பிரவுசரில்தான் ஓடாது, தனியாக ஓடும் பழைய ப்ளேயர் இன்னும் ஓடுகிறது. (பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டும் ரஃபிள் என்ற புது மென்பொருள் இருக்கிறதே என்று யாரும் வரவேண்டாம், தெரியும், எனக்கு இது போதுமாக இருந்தது.) எந்த இணைய முகவரிக்கு எங்கே போகவேண்டும் என்று கணினி பார்த்துக்கொள்ளும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய முகவரிக்கு 127.0.0.1, அதாவது ‘இதே கணினி’, என்று ஒரு வரி எழுதினேன், பைத்தான் நிரல்மொழியில் குட்டி சர்வர் ஒன்றை ஓடவிட்டேன். விளையாட்டு ஒரே ஒரு விஷயம்தான் கேட்டது: இந்த எண் கேள்வியைக் கொடு. இதற்குத்தானா மூன்று வாரம்!

அப்புறம்தான் உண்மையான தலைவலி. டீச்சரின் பயிற்சித்தாள்களைப் பார்த்துக் கேள்விகளை யூனிகோடில் தட்டிக் கொடுத்தால் திரையில் ஒரே கிறுக்கல். அந்த விளையாட்டுக்குள் இருப்பது திஸ்கி எழுத்துரு, யூனிகோடு பரவுவதற்கு முன் கணினியில் தமிழுக்கு இருந்த குறியாக்கம். எல்லாரும் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்குப் போனால் நான் ரிவர்சில் போகவேண்டியதாயிற்று. இதில் கொம்புதான் ஆளைக் கொன்றது. யூனிகோடில் ‘கோ’ என்றால் முதலில் க, பிறகு ஓகாரக் குறி. திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைதான்: முதலில் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க மறந்துவிட்டு, கோழி ஏன் இப்படி நிற்கிறது என்று ராத்திரி 2 மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அனுமதி வாங்கினாயா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: செய்தவரே கொடுத்தது. எனக்கு வருத்தம் வேறு. இந்த விளையாட்டை ஒரு அமைப்பின் ஆண்டுவிழாவில் மேடை போட்டு அறிமுகப்படுத்தினார்களாம், பொன்னாடை, பூங்கொத்து, சாப்பாடு எல்லாம் தடபுடல். டொமைனை, அதாவது அந்த இணைய முகவரியை, புதுப்பிக்க வருடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னத் தொகை கட்ட ஆளில்லை. இன்றும் அப்படித்தான். பொன்னாடைக்குக் காசு எங்கிருந்தாவது வந்துவிடும். சரி, இதைப் பேசினால் சண்டை வரும்.

உங்களுடையதில் கணக்கு, லாகின் எல்லாம் சர்வரிலேயே நடந்திருந்தால் இவ்வளவு சுலபமில்லை, அதைத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

போன மாதம் டீச்சரிடம் மடிக்கணினியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் திரையையே வெகுநேரம் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். “‘விளையாட்டை தொடங்கு’ என்று இருக்கிறதே, த் எங்கே?” என்றார். அது எழுத்து இல்லை டீச்சர், படம், மாற்றுவது கஷ்டம் என்றேன். சனிக்கிழமைக்குள் மாற்றிக்கொண்டு வா என்றார்.