கணினியில் இருக்கும் நிலைத்தன்மைச் சான்று என்றால் என்ன?

சில மானிட்டர், லேப்டாப்களில் 'டிசிஓ சர்டிஃபைடு' என்ற முத்திரை இருக்கும். தொழிற்சாலையின் வேலைச்சூழல், உள்ளே சேர்த்த ரசாயனங்கள், மின்செலவு, பழுதுபார்க்கும் வசதி எல்லாவற்றையும் தயாரிப்பாளருக்குச் சம்பந்தமில்லாதவர்கள் சோதித்த பிறகு கிடைக்கும் நிலைத்தன்மைச் சான்று அது; அதாவது சுற்றுச்சூழலுக்கும் மனிதர்களுக்கும் கேடு குறைவு என்பதற்கான சான்று. ஸ்வீடனில் 1992-இல் மானிட்டர்களுக்காகத் தொடங்கியது.

சரி, ஏன் வெளியாள்? 'பசுமை' என்று அட்டைப்பெட்டியில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். தன் விடைத்தாளைத் தானே திருத்தினால் யாருக்குத்தான் மார்க் குறையும்? பேட்டரியை எளிதாகக் கழற்ற முடிகிறதா என்பதை வாங்குபவரே பார்த்துவிடலாம். ஒயரின் மேலுறையில் என்ன கலந்திருக்கிறது என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

அப்புறம், எனர்ஜி ஸ்டாரும் டிசிஓ சர்டிஃபைடும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். எனர்ஜி ஸ்டார் மின்சிக்கனத்துக்கான முத்திரை. தொழிலாளர் நிலையை அது பார்ப்பதில்லை.