கடன் வாங்கும் முன் அம்பத்தூரில் விசாரியுங்கள்

கேள்வி: திருமுல்லைவாயலில் வசிக்கிறோம். கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த எங்கள் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் குரூப். மெஷினும் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிறேன் என்கிறாள். "நான் ஆயில் கையோடு நின்றது போதாதா, பெண்ணும் மெஷின் முன்னால் நிற்க வேண்டுமா?" என்கிறார் அவர். கடன் வாங்கி மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கப் பேசி வருகிறார். என்ன செய்வது?
- ஒரு தாய், சென்னை

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கடன் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் மகளைப் போன்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பி.இ.தான் வேண்டுமென்றால் அந்த வழியில் முயலுங்கள். கலந்தாய்வுக்கும் பாலிடெக்னிக்குக்கும் சேர்த்தே விண்ணப்பித்து வையுங்கள்.

ஆனால் உங்கள் மகளின் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உங்கள் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட், இன்னொரு பக்கம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை. கொஞ்சம் தள்ளிப் போனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்தில் கார், எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷினுக்கு புரோகிராம் போடுவது, ஆலை மெஷின்களை இயக்கும் பிஎல்சி கன்ட்ரோலரில் கோளாறு பார்ப்பது, ரோபோவைப் பராமரிப்பது எல்லாம் இங்கே அன்றாட வேலை. மெக்கட்ரானிக்ஸ் இவற்றைத்தான் கற்றுத் தருகிறது. உங்கள் கணவர் பார்த்த வேலையும் இதுவும் ஒன்றல்ல. அவர் பட்ட கஷ்டம் மகளுக்கு வேண்டாம் என்று நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் எஸ்டேட்டில் எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள் என்பது எந்த அட்மிஷன் ஏஜென்டையும் விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்த நாலு பட்டறை முதலாளிகளிடம் அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கல்லூரிக்கு நேரில் போங்கள். அவரும் கூட வரட்டும். லேபில் மெஷின் ஓடுகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா என்பதை அவர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். வாசலில் இருக்கும் பிளெக்ஸை நம்பாதீர்கள். போன வருடம் முடித்தவர்கள் எந்தெந்த கம்பெனியில், என்ன வேலையில் இருக்கிறார்கள், படிக்கும்போதே பயிற்சிக்கு எந்த ஆலைக்கு அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். பக்கத்திலுள்ள தொழிற்சாலைகளோடு பேசிப் பழகும் கல்லூரி என்றால் தயங்காமல் பதில் வரும். மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள்.

மகள் எடுத்த குரூப்புக்கு டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். ஒரு வருடம் மிச்சம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் டிப்ளமோவுக்கும் உண்டு. முடித்த பிறகு பி.இ. படிக்கத் தோன்றினால் அங்கேயும் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கை இருக்கிறது. எந்தக் கதவும் மூடிவிடாது என்று கணவரிடம் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். டிப்ளமோ முடித்ததும் ஒரு வருடம் அப்ரென்டிஸ் (தொழில் பழகுநர்) பயிற்சி எடுப்பது நல்லது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். உதவித்தொகையும் மத்திய அரசுச் சான்றிதழும் கிடைக்கும். தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் இதைக் கவனிக்கிறது. ஆனால் 'டிரெய்னி' என்ற பெயரில் பிள்ளைகளை எடுத்து, லைனில் ஒரே வேலையைச் செய்ய வைத்து, ஒரு சான்றிதழும் இல்லாமல் அனுப்பிவிடும் இடங்களும் இருக்கின்றன. இப்படிப் பல பிள்ளைகளின் நல்ல வருடங்கள் வீணாவதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. பதிவு செய்த பழகுநர் ஒப்பந்தம் கையில் வராமல் எங்கும் சேர வேண்டாம்.

பெண் பிள்ளை என்ற கவலையும் அவருக்கு இருக்கும். பராமரிப்பு வேலையில் ஷிப்ட் உண்டு. இரவு ஷிப்ட் வருமா, கம்பெனி பஸ் வீட்டுப் பக்கம் வரை வருமா, அந்தப் பிரிவில் வேறு பெண்கள் இருக்கிறார்களா என்பதையெல்லாம் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகளை உங்கள் மகளே கேட்கட்டும்.