வாள் பிடியும் சின்ன லேத்தும்

வணக்கம் ஐயா,

குறும்படம் ஒன்றுக்காக ஒரு கற்பனை வாளின் பிடியை அலுமினியத்தில் கடைகிறேன். 280 மி.மீ. நீளம், 38 மி.மீ. விட்டம். வீட்டில் 7க்கு 14 அங்குல மினி லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) இருக்கிறது. முழு ராடையும் சக்கில் (லேத்தின் சுழலும் பிடிப்பானில்) பிடித்துக் கடைந்தால் அலை அலையாகக் கோடு விழுகிறது. அறுத்தெடுக்கும்போது பார்ட்டிங் டூல் சிக்கி இரண்டு பிளேடு உடைந்துவிட்டது. பிடியில் நீளவாக்கில் ஆறு பள்ளம் வேண்டும். எண்ட் மில்லை (சுழன்று பள்ளம் வெட்டும் கட்டரை) லேத் சக்கிலேயே மாட்டி வெட்டலாமா? அல்லது பெரிய லேத்தான் வாங்க வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெரிய லேத் வேண்டாம். வரைபடத்தை மாற்றினால் போதும்.

ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள மெஷினில் மோட்டார் பலத்தைவிட விறைப்புதான் முதலில் தீர்ந்துபோகும். சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் துளை 20 மி.மீ. என்பதால் 38 மி.மீ. ராடு உள்ளே நுழையாது. முழு நீளமும் சக்குக்கு வெளியேதான் நீட்டிக்கொண்டு நிற்கும். நீளம் இரண்டு மடங்கானால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்கு. தாங்கல் இல்லாமல் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு, மிஞ்சினால் மூன்று மடங்கு வரைதான் வெளியே விடலாம். அந்த அலைக்கோடு ராடும் டூலும் சேர்ந்து அதிர்வதால் வருவது.

ஆகவே ஒரே ராடில் கடையாதீர்கள். வெளி விட்டம் 38, உள் விட்டம் 32 உள்ள அலுமினியக் குழாய் 200 மி.மீ. வாங்குங்கள். இரு முனைக்கும் 38 மி.மீ. ராடில் இரண்டு தலைகள்: 40 மி.மீ. வெளியே தெரியும், 20 மி.மீ. குழாய்க்குள் போகும். மொத்தம் அதே 280. கட்டி ராடில் செய்தால் 860 கிராம் வரும், இது சுமார் 510 கிராம்தான். நாள் முழுக்கத் தூக்கிப் பிடிக்கும் நடிகருக்கு இது பெரிய வித்தியாசம். அடித்தலையைப் பித்தளையில் செய்யாதீர்கள், அது ஒன்றே அரைக் கிலோவைத் தாண்டும்.

குழாயை வெறுமனே சக்கில் இறுக்கினால் மூன்று தாடையும் அழுத்தி முக்கோணமாக்கிவிடும். பிடிக்கும் முனையில் உள்ளே ஒரு கட்டையை நுழைத்துவிட்டு இறுக்குங்கள். மறுமுனையிலும் ஒரு தற்காலிக அடைப்பு வைத்து, அதில் சென்டர் டிரிலால் நடுக்குழி போட்டு, டெயில் ஸ்டாக்கின் (லேத்தின் மறுமுனைத் தாங்கியின்) சுழலும் சென்டரால் (கூர்முனையால்) தாங்குங்கள்.

தலைகளைக் கடையும்போது 750 ஆர்.பி.எம். அளவு சரி. டூல் முனை சரியாக மைய உயரத்தில் இருக்க வேண்டும். மெல்லிய ஆறு அங்குல எஃகு ஸ்கேலை ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவே லேசாகக் கவ்வவிட்டுப் பாருங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சரி. மேல்நுனி உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அடியில் தகடு வையுங்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. கார்பைடு டூல் போடுவதானால் அலுமினியத்துக்கென்றே கூராகப் பளபளப்பாக வரும் சிசிஜிடி வகை இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டுமுனை) வாங்குங்கள். சாதாரண இன்செர்ட்டின் மழுங்கிய விளிம்புக்கு அழுத்தம் வேண்டும், அதை உங்கள் லேத்தால் கொடுக்க முடியாது. மண்ணெண்ணெய் துளித்துளியாக விடுங்கள், இல்லையென்றால் உலோகம் டூல் முனையில் அப்பிக்கொண்டு பரப்பைக் கிழிக்கும். அதிர்ந்தால் சுழலும் வேகத்தைக் குறைத்து ஃபீடை (டூல் நகரும் வேகத்தை) சற்றுக் கூட்டுங்கள். பயந்து பயந்து மெல்ல நகர்த்தினால் டூல் வெட்டாமல் உரசும்.

கடைக் குழாயின் உள்விட்டம் சொன்ன அளவில் இருக்காது. முதலில் அதை அளந்துவிட்டு, தலையின் படியை (குழாய்க்குள் போகும் பகுதியை) 0.05 மி.மீ. குறைவாகக் கடையுங்கள். கடைசி வெட்டுக்கு முன் ஆறவிடுங்கள். 38 மி.மீ. அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் 0.035 மி.மீ. பெருக்கும், சூட்டோடு அளந்து கடைந்தது ஆறியதும் கடகடவென்று ஆடும். பிறகு 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று எம்4 திருகு. தலையில் 3.3 மி.மீ. துளையிட்டு டேப்பால் மரை வெட்டுங்கள், குழாயில் 4.5 மி.மீ. துளை.

38 மி.மீ. கட்டி ராடை இந்த லேத்தில் பார்ட்டிங் செய்ய வேண்டாம். 19 மி.மீ. ஆழப் பள்ளத்தில் வெட்டிய உலோகச் சுருள் அடைத்துக்கொண்டு பிளேடைப் பிடிக்கும். உடைந்த காரணம் அதுதான். ஹேக்சாவில் அறுத்து, முகத்தை ஃபேசிங் செய்யுங்கள் (லேத்தில் சமமாகக் கடையுங்கள்). குழாய் என்றால் 3 மி.மீ. சுவர்தான். பிளேடு 5 மி.மீ. மட்டும் வெளியே, 300 ஆர்.பி.எம்., கேரேஜ் (டூலைச் சுமக்கும் பகுதி) லாக், சுலபமாக வந்துவிடும்.

எண்ட் மில்லைத் தயவுசெய்து மூன்று தாடைச் சக்கில் மாட்டாதீர்கள். கட்டரின் தண்டு கடினமானது, தாடையும் கடினமானது. வெட்டும் விசை அதைத் திருகி வெளியே இழுக்கும், வேலைப்பொருளுக்குள் குத்தி இறங்கும். லேத்தில்தான் செய்வதென்றால் ஸ்பிண்டிலின் மோர்ஸ் டேப்பர் 3 என்ற கூம்புத் துளையில் கோலெட் (கட்டரைச் சுற்றிக் கவ்வும் பிடிப்பான்) போட்டு, பின்னாலிருந்து டிராபார் என்ற நீளத் திருகால் இழுத்துக் கட்டி, கிராஸ் ஸ்லைடில் (டூல் குறுக்கே நகரும் மேடையில்) வெர்ட்டிகல் ஸ்லைடு (பொருளை மேலும் கீழும் நகர்த்தும் மேடை) மாட்ட வேண்டும். ஆனால் 200 மி.மீ. நீளத்துக்கு அந்த நகர்வு போதாது. யாரிடமாவது சின்ன மில்லிங் மெஷின் இருந்தால் இந்த ஒரு வேலையை அங்கே முடியுங்கள்.

சுற்றளவைச் சம பாகமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட் இல்லாமலே ஆறு பள்ளம் வரும். குழாயின் இரு முனை அடைப்புகளின் நடுவிலும் துளையிட்டு, நீள எம்12 போல்ட்டை நுழைத்து நட்டால் நன்றாக இறுக்குங்கள். குழாயை வி-பிளாக்குகளில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்கு கட்டைகளில்) கிடத்துங்கள். போல்ட்டின் அறுகோணத் தலையின் ஒரு பக்கத்தை மூலைமட்டத்தால் மேசைக்குச் செங்குத்தாக்கிக் கட்டி, முதல் பள்ளம் வெட்டுங்கள். தளர்த்தி அடுத்த பக்கத்தைச் செங்குத்தாக்கினால் 60 டிகிரி. 6 மி.மீ. எண்ட் மில், 0.5 மி.மீ. வீதம் மூன்று வெட்டு, மொத்தம் 1.5 மி.மீ. ஆழம், அதற்குமேல் சுவர் தாங்காது. பள்ளத்தின் அகலம் கட்டரின் அகலமாகவே இருக்கட்டும். பக்கவாட்டில் அகலப்படுத்தப் போனால், கட்டர் சுழலும் போக்கிலேயே ஃபீட் கொடுத்துவிட வாய்ப்புண்டு. சின்ன மெஷினின் திருகுத் தளர்வில் மேசையையே வெடுக்கென்று இழுத்துவிடும்.

விளிம்புகள் எல்லாவற்றையும் 0.5 மி.மீ. சாய்த்துப் பிசிறு எடுங்கள், கையால் பிடிக்கும் பொருள். எமரி போடும்போது பட்டையை இரண்டு கையாலும் நுனியில் பிடியுங்கள், விரலில் சுற்றவே கூடாது. லேத்தின் பெட் (அடித்தளம்) மேல் காகிதம் விரியுங்கள், எமரித் தூள் வழித்தடத்தைத் தேய்த்துவிடும். கையுறையும் தொங்கும் சட்டைக்கையும் கூடாது. சுருளை பிரஷால் மட்டும் தள்ளுங்கள்.

ஒன்று கேட்க விட்டுப்போனது: சண்டைக் காட்சி இருக்கிறதா? இருந்தால் இந்தப் பிடியை அச்சாக வைத்து ரப்பரில் இன்னொன்று வார்த்துக்கொள்ளுங்கள். உலோகப் பிடி அண்மைக் காட்சிகளுக்கு மட்டும்.